கிராணி எழுதிய பெயரும் கணினி கேட்கும் பெயரும்

முக்கியமான பத்திரங்களைப் போட்டு வைத்திருக்கும் அந்தப் பிளாஸ்டிக் உறையை இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை வெளியே எடுங்கள். அப்பாவின் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், திருமணப் பதிவு, தாத்தாவின் இறப்புப் பத்திரம், வீட்டுக் கடன் ஒப்பந்தம் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்புங்கள். அப்பாவின் பெயர் ஆங்கில எழுத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

மூத்தவனின் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, இளையவளின் பத்திரத்தில் வேறு மாதிரி இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். சுப்பிரமணியம் என்ற ஒரு பெயரையே எடுத்துக்கொள்வோம். நடுவில் வருவது பீடோங்கின் 'பி'யா, பினாங்கின் 'பி'யா? கடைசியில் 'எம்'மா, 'என்'னா? 'ஐ' வருமா, 'ஒய்' வருமா? ஒரே மனிதர் நான்கு பத்திரங்களில் நான்கு பேராக நிற்பார். உயிரோடு இருக்கும்வரை இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவர் கண்மூடிய பிறகு வீட்டு நிலத்தையோ வங்கிச் சேமிப்பையோ பெயர் மாற்றப் போகும்போதுதான் தலைவலி தொடங்கும். "இவரும் அவரும் ஒருவரே" என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, துக்கம் ஆறாத வீடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும்.

தரவுத்தளம், அதாவது டேட்டாபேஸ், பராமரிக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதப்படும் பத்தி இது. இந்த வாரம் வீட்டில் இருப்பவர்களும் சேர்ந்து படிக்கலாம். பேசப்போவது உங்கள் பெயரைப் பற்றி.

பெரட்டுக் களத்துப் பேரேடு

நம் ஊரில் தரவுத்தளம் கணினியோடு வந்ததல்ல. பீடோங் ஹார்வார்டு தோட்டமானாலும் செமிலிங், குரூண் பக்கத்துத் தோட்டங்களானாலும், விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும் கிராணியின் கையில் இருந்த செக்ரோல்தான் நம் தாத்தா பாட்டிகள் முதலில் இடம்பெற்ற தரவுத்தளம். ஒரு வரிக்கு ஓர் ஆள். எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எவ்வளவு சம்பளம், எவ்வளவு பிடித்தம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். இன்று எஸ்கியூஎல் படிக்கும் மாணவர் 'அட்டவணை, வரிசை, பத்தி' என்று முதல் வகுப்பில் கற்பதும் அதேதான்.

கிராணிகளில் பெரும்பாலோர் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும். ஆங்கிலம் படித்தவர்கள். காதில் விழுந்த பெயரைத் தமக்குத் தெரிந்த ஆங்கில எழுத்துகளில் எழுதினார்கள். இன்னொரு கிராணி வந்தால் எழுத்து மாறும். பிறப்பைப் பதியப் போன இடத்தில் அங்கிருந்த குமாஸ்தா தன் காதுக்குக் கேட்டபடி எழுதினார். தம் பெயர் எப்படி எழுதப்பட்டது என்று படித்துப் பார்க்க அந்தத் தலைமுறைக்கு ஆங்கிலம் தெரியாது. அவசரகாலம் அறிவிக்கப்பட்ட 1948-ல் அடையாள அட்டை வந்தபோது, முன்பு எப்படியோ எழுதப்பட்ட பெயர்கள் அட்டையிலும் ஏறின.

குறையை எழுதியவர் மேல் மட்டும் போட முடியாது. ஆங்கில எழுத்து 26. அதில் நம் குறில் நெடில், ல-ள-ழ, ர-ற, ந-ன-ண வேறுபாடுகளுக்கு இடமில்லை. வானொலியில் பிறந்தநாள் வாழ்த்துப் பட்டியல் வாசிக்கும் எனக்கு இது அன்றாடப் பாடம். நேயர்கள் புலனத்தில் அனுப்பும் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் வருகின்றன. 'வி, ஏ, எல், எல், ஐ' என்று கண்டால் வள்ளி என்று என் நாக்கு தானாகப் படித்துவிடும். அது தமிழ் தெரிந்ததால் வரும் ஊகம். கணினிக்கு அந்த ஊகம் கிடையாது. அதற்கு எழுத்து மாறினால் ஆளும் மாறிவிட்டார்.

பெயர் சாவி ஆகாது

ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் என்ற கணிதவியலாளர் 1970-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இன்றைய வங்கி, மருத்துவமனை, அரசு அலுவலகத் தரவுத்தளங்கள் பெரும்பாலும் அதிலிருந்து கிளைத்தவை. அதில் உள்ள ஓர் அடிப்படைக் கருத்து, அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் வேறு எந்த வரிக்கும் இல்லாத ஓர் அடையாளம் வேண்டும் என்பது. அதற்கு முதன்மைச் சாவி என்று பெயர்.

பெயரைச் சாவியாக வைக்க முடியாது. ஒரே தோட்டத்தில் மூன்று முனியாண்டிகள் இருந்திருக்கிறார்கள். ஒரே முனியாண்டி மூன்று விதமாகவும் எழுதப்பட்டிருக்கிறார். இது பாடப்புத்தகத்தில் முதல் அத்தியாயம். இருந்தும் கோயில் உறுப்பினர் பட்டியல், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் பட்டியல், சங்கச் சந்தாப் பட்டியல் என்று எதை எடுத்தாலும், சந்தா கட்டியவரைப் பெயரை வைத்தே தேடுகிறோம். அதனால்தான் கட்டியவருக்கு "நிலுவை" என்று கடிதம் போகிறது.

சரி, ஐ.சி. எண் இருக்கிறதே, அதைச் சாவியாக வைக்கலாமே என்பீர்கள். பாதி சரி. 1990-ல் வந்த 12 இலக்க எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம், கெடாவுக்கு 02. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். மனிதருக்கு நினைவில் வைக்க எளிது. தரவுத்தளம் பராமரிப்பவர் நான்கு விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும்.

ஒன்று, தட்டச்சுப் பிழையை அந்த எண் தானே காட்டிக்கொடுக்காது. இந்தியாவின் ஆதார் எண்ணும் 12 இலக்கம்தான். அதன் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கென்றே இருக்கிறது. ஓர் இலக்கத்தை மாற்றி அடித்தாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி அடித்தாலும் கணினி கண்டுபிடித்துவிடும். சிங்கப்பூர் அடையாள எண்ணின் கடைசி எழுத்தும் அந்த வேலையைச் செய்கிறது. நம் எண்ணில் அப்படி ஓர் இலக்கம் இல்லை. தேதிக்குப் பொருந்தாத எண்ணைத்தான் தடுக்க முடியும். கடைசி நான்கில் பிழை என்றால், அது வேறொரு மனிதரின் எண்ணாகவே இருந்துவிடலாம்.

இரண்டு, முன்னால் வரும் பூஜ்யம். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் பூஜ்யத்தில்தான் தொடங்குகிறது. எக்செலில் கோடு போடாமல் அடித்தால் அது அதைக் கணக்குப் போடும் எண் என்று நினைத்துப் பூஜ்யத்தைத் தூக்கிவிடும். 12 இலக்கம் 11 ஆகும், சில வேளை 10 ஆகவும் ஆகும். பீடோங்கின் அஞ்சல் குறியீடு 08100. அதுவும் 8100 ஆகும். கைப்பேசி எண்ணுக்கும் இதே கதி. கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத எந்த எண்ணையும் எழுத்து வகையாக, அதாவது டெக்ஸ்ட்டாக, சேமிக்க வேண்டும்.

மூன்று, நூற்றாண்டு. 25 என்று தொடங்கினால் 1925-ஆ, 2025-ஆ? கொள்ளுத் தாத்தாவும் கொள்ளுப் பேரனும் அந்த இரண்டு இலக்கத்தில் ஒரே வயதினர். பிறந்த தேதியை நான்கு இலக்க ஆண்டோடு தனிப் பத்தியில் வையுங்கள்.

நான்கு, அந்த எண் ரகசியம் அல்ல. 2017 அக்டோபரில் நம் நாட்டில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தது வெளிச்சத்துக்கு வந்தது. பெயர், முகவரி, ஐ.சி. எண் எல்லாம் அதில் இருந்தன. 2024 ஜனவரி 2-ஆம் தேதி பாடு எனப்படும் தேசிய முதன்மைத் தரவுத்தளம் திறக்கப்பட்டபோதும், ஐ.சி. எண் தெரிந்தால் இன்னொருவரின் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம் என்ற ஓட்டை உடனே சுட்டிக்காட்டப்பட்டது, பிறகு அடைக்கப்பட்டது. ஐ.சி. எண் ஒருவர் யார் என்று சொல்லும். சொல்பவர் அவர்தானா என்று அது நிரூபிக்காது. வாடிக்கையாளர் ஐ.சி. எண்ணைச் சொன்னாலே கணக்கைத் திறந்துவிடும் மென்பொருளை எழுதாதீர்கள்.

எண் இல்லாதவரும் மனிதர்தான்

ஐ.சி. எண்ணைக் கட்டாயச் சாவியாக வைப்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பிறப்பைப் பதியாமல் போனதாலோ, பெற்றோர் திருமணத்தைப் பதியாததாலோ, அடையாள அட்டை இல்லாமல் வளர்ந்தவர்கள் நம் சமூகத்தில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பதிவதற்காகவே 2011-ல் மைடஃப்தார் என்ற இயக்கம் நடத்தப்பட்டது. இன்றைக்கும் அந்தக் கவலை முழுதாகத் தீர்ந்தபாடில்லை.

ஒரு டியூஷன் மையத்துக்கோ இலவச மருத்துவ முகாமுக்கோ மென்பொருள் எழுதுகிறீர்கள். ஐ.சி. எண் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது என்று வைத்துவிட்டால், அந்தப் பிள்ளைக்கு அங்கேயும் கதவு அடைபடுகிறது. அல்லது மேசையில் இருப்பவர் பரிதாபப்பட்டு 12 பூஜ்யங்களை அடித்து உள்ளே விடுவார். அடுத்து வரும் பிள்ளைக்கும் அதே 12 பூஜ்யம். இரண்டு பிள்ளைகளின் மருந்துக் குறிப்பும் ஒரே வரியில் கலந்துவிடும்.

ஆகவே பழகிய முறை இதுதான்: சாவியாகப் பொருளற்ற ஓர் எண்ணைக் கணினியே கொடுக்கட்டும். 1, 2, 3 என்று போனாலும் போதும். ஐ.சி. எண் தனிப் பத்தியில் இருக்கட்டும். ஒரே எண் இருவருக்கு வராதபடி தடை போடுங்கள். ஆனால் அந்தக் கட்டம் காலியாக இருக்க அனுமதி கொடுங்கள். தேவையே இல்லையென்றால் ஐ.சி. எண்ணைக் கேட்காமலே இருப்பது இன்னும் நல்லது. திருவிழா அன்னதானத்துக்குப் பெயர் கொடுப்பவரிடம் எதற்கு 12 இலக்கம்?

அந்தச் சாய்ந்த கோடு

நம் பெயரில் வரும் ஏ/எல், ஏ/பி இரண்டும் மலாயில் மகன், மகள் என்பதன் சுருக்கம். அந்தச் சாய்ந்த கோடு உலகக் கணினிகளில் பல இடங்களில் முட்டிக்கொள்கிறது.

விமானப் பயணப் பதிவில் சாய்ந்த கோட்டுக்கு ஏற்கெனவே ஒரு வேலை உண்டு. குடும்பப் பெயரையும் தனிப்பெயரையும் பிரிப்பது அதுதான். அதனால் ஏ/எல் என்று அங்கே அடிக்க முடியாது. கடப்பிதழின் அடியில் கணினி படிப்பதற்காக இருக்கும் இரண்டு வரிகளில் ஆங்கிலப் பேரெழுத்து, எண், ஓர் அம்புக்குறி இவற்றைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. ஒரு வரிக்கு 44 இடம், அதில் பெயருக்கு 39. தாத்தா பெயரையும் சேர்த்து நீளமாக வைத்த பெயர் அதில் வெட்டுப்படும்.

'குடும்பப் பெயர்' என்ற கட்டமே நமக்குப் பொருந்தாது. அப்பா பெயர் குடும்பப் பெயர் அல்ல. அந்தக் கட்டத்தை நிரப்பச் சொன்னால் ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், ஒருவர் தன் பெயரையே மறுபடி போடுவார், ஒருவர் ஒரு புள்ளியை வைப்பார். ஒரே வீட்டில் மூன்று விதம். மென்பொருள் எழுதும் இளைஞர்களே, பெயருக்கு ஒரே ஒரு நீளமான கட்டம் கொடுங்கள். ஐ.சி.யில் உள்ளபடி, கோடு உட்பட, அப்படியே ஏறட்டும். கோட்டைத் தாங்காத வேறொரு அமைப்புக்கு அனுப்பும்போது மட்டும் அதை நீக்கி அனுப்புங்கள். சேமித்த பெயரில் கை வைக்காதீர்கள். கோட்டையோ டி'குரூஸ் போன்ற பெயரில் வரும் மேற்குறியையோ கண்டு உங்கள் நிரல் தடுமாறினால், பயனர் அடிப்பதை நேரே கட்டளைக்குள் ஒட்டுகிறீர்கள் என்று பொருள். கட்டளை வேறு, தரவு வேறு என்று பிரித்து அனுப்பும் முறைக்கு மாறுங்கள். அதே ஓட்டை வழியாகத்தான் திருடனும் வருவான்.

தேடுவதற்கு ஒரு வழி, சேர்ப்பதற்கு ஒரு நிதானம்

எழுத்து மாறினாலும் ஒலி ஒன்றுதானே, ஒலியை வைத்துத் தேட முடியாதா? முடியும். 1918-ல் அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் என்ற முறை இன்றும் பல தரவுத்தளங்களில் தயாராக இருக்கிறது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்து, உயிரெழுத்துகளைத் தள்ளி, ஒலியில் நெருங்கிய மெய்களுக்கு ஒரே எண் கொடுத்து மூன்று இலக்கமாகச் சுருக்கும்.

சுப்பிரமணியத்தை எந்த 'பி' போட்டு எழுதினாலும் எஸ்165 என்றே வரும். நல்ல பலன். ஆனால் கணேசனைக் 'கே' போட்டு எழுதினால் கே525, 'ஜி' போட்டு எழுதினால் ஜி525. எண் ஒன்று, முதல் எழுத்து வேறு. கணினி இருவரையும் சேர்த்துக் காட்டாது. ஆங்கிலப் பெயர்களுக்காகச் செய்த முறை அது. நம் பட்டியலுக்கு முதல் எழுத்திலும் 'கே-ஜி', 'டி-டிஎச்', 'எஸ்-சி' இணைகளை ஒன்றாக எண்ணும்படி சிறு மாற்றம் செய்துகொண்டால் நன்றாகவே வேலை செய்யும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கணினி "இவர்கள் ஒருவராக இருக்கலாம்" என்று காட்டட்டும். "ஒருவர்தான்" என்று முடிவு செய்து தானாக இரண்டு வரிகளை ஒன்றாக்க விடாதீர்கள். ஒருவர் இருவராகப் பதிவாகியிருந்தால் கடிதம் இரண்டு முறை போகும், அவ்வளவுதான். இருவரை ஒருவராக்கிவிட்டால் ஒருவர் வாங்கிய கடன் இன்னொருவர் தலையில் விழும். ஒருவருக்கு ஒவ்வாத மருந்து பற்றிய குறிப்பு மற்றவரின் கோப்புக்குப் போய்விடும். பிறந்த தேதி, முகவரி, கைப்பேசி எண் இவற்றில் இரண்டாவது பொருந்த வேண்டும். அதன் பிறகும் ஒரு மனிதர் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

தமிழில் சேமித்தால்?

ஆங்கிலப் பெயரோடு தமிழ்ப் பெயருக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள் என்பேன். கல்யாண அழைப்பிதழ், கோயில் அர்ச்சனைச் சீட்டு, பள்ளி நற்சான்றிதழ், வானொலி வாழ்த்து எல்லாவற்றுக்கும் உதவும். ஆனால் தமிழும் கணினியில் சில வேடிக்கைகள் செய்யும்.

ஸ்ரீ என்ற எழுத்தை இரண்டு விதமாக உள்ளிட முடியும். யூனிகோடில் 2005-ல் சேர்க்கப்பட்ட ஓர் எழுத்தை வைத்து ஒன்று, வழக்கமான 'ஸ்' வைத்து ஒன்று. திரையில் ஒரே மாதிரி தெரியும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. ஸ்ரீயில் தொடங்கும் நம் கோயில்களையும் ஸ்ரீதரன்களையும் எண்ணிப் பாருங்கள். அதே போல் கௌரி என்ற பெயரில் வரும் 'கௌ'வைச் சிலர் ஒற்றைக் கொம்பு, க, ள என்று தனித்தனியாக அடிப்பார்கள். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. 'கொ' போன்ற எழுத்துகளும் இரண்டு வழியில் உள்ளே வரலாம். கடைசி வகையை யூனிகோட் சீரமைப்பு என்ற வசதியே சரிசெய்துவிடும். முதல் இரண்டையும் அது தொடாது. நீங்கள்தான் விதி எழுதித் திருத்த வேண்டும். தரவு உள்ளே வரும் வாசலிலேயே செய்துவிட்டால் பிறகு தொல்லையில்லை.

இன்னொன்று இடம். வழக்கத்தில் உள்ள யூடிஎஃப்8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். 'மு' என்பது ம-வும் உகரக் குறியும் சேர்ந்தது, 6 பைட். பத்தியின் நீளத்தைப் பைட் கணக்கில் 30 என்று வைத்தால் பத்துக் குறியீடுதான் கொள்ளும். முத்துக்குமாரசாமி பாதியில் நிற்பார்.

பழையதை அழிக்காதீர்கள்

இந்தத் துறையில் நம்மவர் ஒருவரைப் பற்றி இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐஐடியில் படித்து, அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று, 1981-ல் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தவர் சி. மோகன். பணப் பரிமாற்றம் பாதி நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டால், திரும்ப வந்ததும் எது முடிந்தது, எது முடியவில்லை என்று தரவுத்தளம் எப்படித் தெரிந்துகொள்ளும்? அதற்கு அவரும் சக ஆய்வாளர்களும் உருவாக்கிய ஏரீஸ் என்ற முறையின் முழுக் கட்டுரை 1992-ல் வெளிவந்தது. இன்றைய பெரிய தரவுத்தளங்கள் பலவும் அந்த வழியில் நடக்கின்றன. 1997-ல் ஐபிஎம் தன் மிக உயர்ந்த தொழில்நுட்பத் தகுதியான ஃபெலோ நிலையை அவருக்கு அளித்தது.

ஏரீஸ் முறையில், எந்த மாற்றத்தையும் செய்யுமுன் அதைக் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். விபத்துக்குப் பிறகு அந்தக் குறிப்பேட்டைப் படித்து, நடந்ததை எல்லாம் நடந்தபடியே ஒருமுறை நடத்திப் பார்த்து, பிறகு முடியாத வேலைகளை மட்டும் திரும்பப் பெறும். பழையது என்னவாக இருந்தது என்ற பதிவு இல்லாமல் சரியானதை மீட்க முடியாது.

பெயருக்கும் இதையே சொல்வேன். ஒருவர் தம் பெயரின் எழுத்தைத் திருத்தச் சொன்னால், பழைய எழுத்தின்மேல் புதியதை அடித்து மூடாதீர்கள். 'வேறு பெயர்கள்' என்று தனி அட்டவணை வைத்து, பழைய எழுத்து, அது இருந்த பத்திரம், மாறிய தேதி மூன்றையும் அதில் போடுங்கள். இருபது ஆண்டு கழித்து அவருடைய மகள் பழைய பத்திரத்தோடு வரும்போது, "இவரும் அவரும் ஒருவரே" என்று உங்கள் தரவுத்தளமே சொல்லும்.

துறைச் செய்திகள்

தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-ல் செய்யப்பட்ட திருத்தங்கள் 2025-ல் கட்டம் கட்டமாக நடப்புக்கு வந்தன. 2025 ஜூன் 1 முதல், தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். 20,000 பேருக்கு மேற்பட்டவர்களின் தரவைக் கையாளும் நிறுவனங்கள் தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். சட்டமும் தரவுத்தளமும் இரண்டும் தெரிந்தவர்களுக்கு இது புதிய வேலைக் கதவு. பீடோங் ஏய்ம்ஸ்ட் போன்ற பல்கலைக்கழகங்களில் கணினி படிக்கும் பிள்ளைகள் இந்தச் சட்டத்தையும் ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளலாம். வர்த்தக நடவடிக்கைகளுக்கான சட்டம் இது. கோயில் குழுவுக்கு இது பொருந்துமா என்று வாதிடுவதைவிட, மக்கள் நம்பிக் கொடுத்த விவரத்தைப் பூட்டி வைப்பது சுலபம். உறுப்பினர் பட்டியலை ஐ.சி. எண்ணோடு புலனக் குழுவில் போடும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

பழைய பதிப்புகளில் ஓடும் அலுவலகங்களுக்கு: போஸ்ட்கிரெஸ் 13-க்கான ஆதரவு 2025 நவம்பரோடு முடிந்தது. மைஎஸ்கியூஎல் 8.0-க்கு 2026 ஏப்ரல். எஸ்கியூஎல் சர்வர் 2016-க்கு 2026 ஜூலை 14. அதன் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் இலவசமாக வராது. மேலதிகாரியிடம் இந்தத் தேதிகளைக் காட்டித் திட்டம் போடுங்கள்.

எக்செலிலேயே காலம் தள்ளுபவர்களுக்கு: 2020-ல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு பழைய வகை எக்செல் கோப்பைப் பயன்படுத்தியது. அது 65,536 வரிக்கு மேல் தாங்காது. அதனால் 15,841 கோவிட் நோயாளிகளின் பதிவு பல நாள் விடுபட்டுப் போனது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. மீதி வரிகள் சத்தமில்லாமல் விழுந்துவிட்டன.

வீட்டுக்கு ஒரு வேலை

முதலில் சொன்ன பிளாஸ்டிக் உறைக்கு வருவோம். ஒரு தாளை எடுத்து, வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயரையும் அவரவர் ஐ.சி.யில் உள்ள எழுத்தின்படி எழுதுங்கள். பக்கத்தில், வேறு எந்தப் பத்திரத்தில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று குறியுங்கள். ஊழியர் சேமநிதியிலும் காப்புறுதியிலும் வாரிசாகக் குறிப்பிட்டவரின் பெயரும் ஐ.சி. எண்ணும் சரியா என்று பாருங்கள். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தவறு இருந்தால், தேசியப் பதிவுத் துறையில் திருத்த விண்ணப்பம் செய்யுங்கள். பெற்றோர் இருவரும் கையில் பத்திரங்களோடு இருக்கும்போது அது எளிது. ஒருவர் இல்லாமல் போன பிறகு கடினம்.

2025 செப்டம்பர் 30 முதல் 1 ரிங்கிட் 99 சென்னுக்குப் பெட்ரோல் ஊற்றவும் மைகார்டுதான் வேண்டியிருக்கிறது. உதவித்தொகையும் அதே வழியில்தான் வருகிறது. தாத்தா காலத்தில் செக்ரோலில் பெயர் விடுபட்டால் மறுநாள் பெரட்டில் போய்க் கிராணியிடமே கேட்கலாம். கணினியில் விடுபட்டால் யாரிடம் கேட்பது என்று தெரிவதற்கே ஒரு வாரம் ஆகிவிடும். அந்தக் கணினிக்குப் பின்னால் வேலை செய்வது இன்று நம் பிள்ளைகள் பலர். உங்கள் திரையில் ஓடும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முகம் உண்டு என்று நினைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தை வடிவமையுங்கள்.

அடுத்த வாரம் காப்புப் பிரதி பற்றி. தினமும் எடுக்கிறோம் என்பீர்கள். எடுத்ததை ஒருமுறையாவது திறந்து, தரவை மீட்டுப் பார்த்தீர்களா? பார்த்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.